காசு கட்டி வாங்கின ப்ளக்இன் தானேன்னு ஆட்டோ அப்டேட்டை நம்பி விட்டுடாதீங்க (நீளமான பதிவு)

மக்களே, கோட் எழுதுற எடிட்டர்ல பெய்டு ப்ளக்இன் (எடிட்டரோட கூடுதலா சேர்த்துக்கிற சின்ன சாஃப்ட்வேர்) போட்டு டீமா வேலை பாக்குறவங்க யாரா இருந்தாலும் இதை முழுசா படிச்சிடுங்க. எங்க டீமுக்கு நடந்ததை அப்படியே எழுதுறேன். ப்ளக்இன் பேரோ கம்பெனி பேரோ எடிட்டர் பேரோ போடல, போட்டா பேச்சு முழுக்க அந்த ஒரு கம்பெனி பக்கமே போயிடும், ஆனா இது நாளைக்கு உங்ககிட்ட இருக்கிற வேற எந்த ப்ளக்இன்லயும் நடக்கலாம்.

அந்த ப்ளக்இன்னோட வேலை என்னன்னா, ஏபிஐ டெஃபினிஷன் ஃபைலை (சர்வர்கிட்ட என்ன கேக்கலாம், என்ன பதில் வரும்னு எழுதி வச்சிருக்கிற ஃபைல்) படிச்சு, சர்வரோட பேசுற கிளையண்ட் கோடை ஜெனரேட் பண்ணித் தரும், சேவ் பண்றப்ப கோடை ஒரே மாதிரி அடுக்கி ஃபார்மேட்டும் பண்ணிடும். ஆரம்பத்துல ரொம்ப நல்லா இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. டாக்குமென்டேஷன் தெளிவா இருக்கும், பக் ரிப்போர்ட் போட்டா எழுதினவரே வந்து பதில் சொல்லுவாரு, அந்த நம்பிக்கையிலதான் டீம் மொத்தத்துக்கும் வருஷ சப்ஸ்கிரிப்ஷன் எடுத்தோம்.

முதல்ல தெரிஞ்சது கோட் ரிவ்யூலதான். ரெண்டு வரி மாத்தின புல் ரிக்வெஸ்ட்ல (மாத்தின கோடை மெயின் கோடுல சேர்க்கச் சொல்லி அனுப்புறது) ஃபைல் முழுக்க மாறின மாதிரி டிஃப் காட்டுது, அதை மெர்ஜ் பண்ணிட்டு இன்னொருத்தர் அதே ஃபைலைத் திறந்து சேவ் பண்ணா எல்லாம் பழைய மாதிரி திரும்பிடுது, அப்புறம் முதல் ஆள் சேவ் பண்ணா மறுபடி மாறுது. லைன் எண்டிங் பிரச்சனையா, கிட் (கோட் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற டூல்) செட்டிங்கான்னு எல்லாத்தையும் தோண்டிப் பாத்தோம். கடைசியில எல்லாரும் அவங்கவங்க மெஷின்ல ப்ளக்இன் வெர்ஷனைப் பாத்தப்பதான் புரிஞ்சுது, எடிட்டரை மூடித் திறந்தவங்களுக்குப் புது வெர்ஷன் தானா ஏறியிருக்கு, நாள்கணக்கா மூடாம வச்சிருந்தவங்களுக்குப் பழசே ஓடுது. புது வெர்ஷன்ல டீஃபால்ட் ஃபார்மேட் ரூலையே மாத்தியிருக்காங்க. சேஞ்ச்லாக்ல (என்ன மாறுச்சுன்னு சொல்ற குறிப்புல) என்ன எழுதியிருந்தாங்கன்னா "பக் ஃபிக்ஸ் மற்றும் பெர்ஃபார்மன்ஸ் மேம்பாடுகள்". அவ்வளவுதான். மேஜர் வெர்ஷன் நம்பர் கூட மாறல, நடு நம்பர்தான் ஒண்ணு கூடியிருந்துச்சு. அந்த நம்பர் மாறினா பழைய நடத்தை அப்படியே இருக்கும்னுதான் எல்லாரும் எடுத்துக்குவாங்க, வெர்ஷன் நம்பர் போடுறதே அதுக்குத்தானே.

இது எரிச்சலோட போற விஷயம். அடுத்தது அப்படி இல்ல. புது வெர்ஷன் ஓபன் ஆனதும் ப்ராஜெக்ட்ல இருக்கிற அதோட கான்ஃபிக் ஃபைலை (செட்டிங்ஸ் எழுதி வச்சிருக்கிற ஃபைலை) புது ஃபார்மேட்டுக்கு மாத்தி எழுதிடுது. கேக்கல, பேக்கப் எடுக்கல, ஒரு நோட்டிஃபிகேஷன் கூட காட்டல. அந்த ஃபைல் மத்த ஃபைல்களோட சேர்ந்து கமிட் ஆகி எல்லாருக்கும் போயிடுச்சு. பழைய வெர்ஷன் வச்சிருக்கிறவங்க புல் பண்ணா, அவங்க ப்ளக்இன்னுக்கு அந்த ஃபைலைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியலன்னா எரர் போட்டு நிக்கணும்ல? நிக்கல. சத்தமில்லாம டீஃபால்ட் செட்டிங்குக்குப் போயிடுச்சு. எங்க கான்ஃபிக்ல எதெல்லாம் ஆப்ஷனல் ஃபீல்டுன்னு (காலியா வரலாம்னு) தனியா சொல்லி வச்சிருந்தோம், டீஃபால்ட்ல அது எதுவும் கிடையாது, அதனால ஜெனரேட் ஆன கோட் பார்க்க சரியா இருக்கும், கம்பைலும் ஆகும், ஆனா ஓடுறப்ப காலியா வர்ற ஃபீல்டுல உடையும். டெஸ்ட் சர்வர் வரைக்கும் போயிடுச்சு, அங்க டெஸ்டிங் பண்றவங்க பிடிச்சாங்க, அவங்க பிடிக்கலன்னா கஸ்டமர் கைக்கே போயிருக்கும். ஒரு டூல் தப்பு பண்றதை விட தப்பு பண்ணிட்டு அமைதியா இருக்கிறது எவ்வளவு மோசம்னு அந்த வாரம் முழுக்க அனுபவிச்சோம்.

சரி எல்லாரையும் பழைய வெர்ஷனுக்குக் கொண்டு வந்துடலாம்னு பாத்தா மார்க்கெட்ப்ளேஸ்ல (ப்ளக்இன் டவுன்லோட் பண்ற இடத்துல) பழைய வெர்ஷன்களையே காணோம், தூக்கிட்டாங்க. வேற வழியில்லாம எல்லாரையும் புதுசுக்கு ஏத்தினோம். அதுல லாகின் கட்டாயம், எடிட்டர் திறக்கும்போதும் நடுநடுவுலயும் அவங்க லைசென்ஸ் சர்வர்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கு. அந்த சர்வர் பதில் சொல்லலன்னா, சேவ் குடுத்தா சேவ் ஆகாம சுத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா ஃபார்மேட் முடிஞ்சாதான் சேவ், லைசென்ஸ் ஓகே ஆனாதான் ஃபார்மேட். காசு கட்டியிருக்கோம், நெட் இருக்கு, அவங்க சர்வர் படுத்துட்டதால எங்க ஃபைலை எங்க மெஷின்ல எங்களால சேவ் பண்ண முடியல.

சப்போர்ட்டுக்கு எழுதினோம். அன்இன்ஸ்டால் பண்ணி இன்ஸ்டால் பண்ணுங்கன்னாங்க. பண்ணோம், மாறல (அன்இன்ஸ்டால் பண்ணாலும் அது போட்ட செட்டிங்ஸ், அதோட கேஷ் ஃபோல்டர் எல்லாம் அப்படியே கிடக்கும், அதைக் கையால அழிக்கணும், அதையும் நாங்களேதான் கண்டுபிடிச்சோம்). லாக் அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினோம். அடுத்த மெயில் வேற ஒருத்தர்கிட்டயிருந்து, திரும்ப முதல்லயிருந்து எந்த வெர்ஷன், எந்த ஓஎஸ்னு கேக்குறாரு. அப்படியே இழுத்து இழுத்து கடைசியில ஒரு பதில்ல போற போக்குல சொன்னாங்க, ப்ராடக்ட் இப்ப புது நிர்வாகத்துக்குக் கீழ வந்துடுச்சு, பழைய வெர்ஷன்களுக்கு சப்போர்ட் கிடையாதுன்னு. அதாவது எழுதினவர் எப்பவோ வித்துட்டுப் போயிட்டாரு. மார்க்கெட்ப்ளேஸ்ல பேரு அதே பேரு, ஐகான் அதே, ஸ்டார் ரேட்டிங் எல்லாம் பழைய ஆள் உழைப்புக்கு வந்தது. நம்பி ஒருத்தர்கிட்ட வீட்டு சாவியைக் குடுக்குறோம், அவர் நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அதை இன்னொருத்தர் கையில குடுத்துட்டுப் போன மாதிரி. ரீஃபண்ட் கேட்டதுக்கு, ரின்யூவல் ஆனப்புறம் யூஸ் பண்ணியிருக்கீங்க, அதனால கிடையாதுன்னு ஒரே வரி.

இந்த "கை மாறுற" விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க. குரோம் பிரவுசர்ல தி கிரேட் சஸ்பெண்டர்னு ரொம்ப பிரபலமான எக்ஸ்டென்ஷன் (இதுவும் ப்ளக்இன் மாதிரிதான்) இருந்துச்சு, 2020ல அதை உருவாக்கினவர் வேற ஆட்கள் கையில குடுத்துட்டாரு, 2021 பிப்ரவரியில மால்வேர் இருக்குன்னு கூகுளே அதை எடுத்துருச்சு. கை மாறாமலும் ஆபத்து வரும். 2025 ஜூலையில அமேசான் கியூங்கிற ஏஐ கோடிங் டூலோட விஎஸ் கோட் (மைக்ரோசாஃப்ட்டோட எடிட்டர்) எக்ஸ்டென்ஷன்ல யாரோ வெளியாள் அனுப்பின கோட் மெர்ஜ் ஆகி, ஃபைல்களை அழிக்கச் சொல்ற பிராம்ப்ட்டோட (ஏஐக்குக் குடுக்குற கட்டளையோட) 1.84.0 வெர்ஷன் அப்படியே வெளியாச்சு, அப்புறம் 1.85.0 விட்டு சரி பண்ணாங்க. அந்த பிராம்ப்ட் சரியா ஓடுற மாதிரி எழுதப்படலங்கிறதால தப்பிச்சது. அவ்வளவு பெரிய இடத்துலயே இப்படின்னா தனி ஆள் நடத்துற ப்ளக்இன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

விஎஸ் கோட்ல ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு எடிட்டருக்கு இருக்கிற அதே பெர்மிஷன் எல்லாம் உண்டு, உங்க ஃபைலைப் படிக்கலாம், எழுதலாம், நெட்ல பேசலாம், வேற ப்ரோக்ராமை ஓட்டலாம். போன்ல மாதிரி கேமரா வேணுமா லொகேஷன் வேணுமான்னு தனித்தனியா கேக்காது. மார்க்கெட்ப்ளேஸ்ல பப்ளிஷர் பேரு பக்கத்துல வர்ற நீல டிக்கைப் பாத்து ஏமாறாதீங்க, அந்த பப்ளிஷர் ஒரு டொமைனுக்குச் (வெப்சைட் முகவரிக்கு) சொந்தக்காரர், குறைஞ்சது 6 மாசமா மார்க்கெட்ப்ளேஸ்ல இருக்காருங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். உள்ள இருக்கிற கோடை யாரோ உக்காந்து படிச்சு ஓகே சொன்னாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்க நிறைய பேர்.

இனிமே நாங்க என்ன பண்றோம்னு சொல்றேன், உங்களுக்கும் உதவும். முதல் வேலை ஆட்டோ அப்டேட் ஆஃப். செட்டிங்ஸ்ல தேடினா வந்துடும், விஎஸ் கோட்ல ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனியாவும் ஆஃப் பண்ணலாம். செக்யூரிட்டி ஃபிக்ஸ் வராம போயிடுமேன்னு கேப்பீங்க, நியாயம்தான், அதனால ஒருத்தர் பொறுப்பு எடுத்து மெயின் ப்ராஜெக்ட் இல்லாத ஒரு மெஷின்ல முதல்ல ஏத்திப் பாத்து, கான்ஃபிக் ஃபைல் ஏதாச்சும் மாறுதான்னு கிட் ஸ்டேட்டஸ் பாத்து, அப்புறம்தான் மத்தவங்களுக்குச் சொல்றாரு. விஎஸ் கோட்ல ப்ராஜெக்டுக்குள்ள வைக்கிற ரெக்கமெண்டேஷன் ஃபைல்ல எக்ஸ்டென்ஷன் பேரு மட்டும்தான் போட முடியும், வெர்ஷன் போட முடியாது, அதை நம்பி டீம்ல எல்லாருக்கும் ஒரே வெர்ஷன்னு இருந்துடாதீங்க.

ரொம்ப முக்கியமானது, நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற வெர்ஷனோட இன்ஸ்டால் ஃபைலை உங்க கையில வச்சுக்கோங்க. விஎஸ் கோட்னா விஎஸ்ஐஎக்ஸ் ஃபைல், ஜெட்பிரெய்ன்ஸ் கம்பெனியோட எடிட்டர்னா ஜிப், டிஸ்க்லயிருந்து இன்ஸ்டால் பண்ற ஆப்ஷன் ரெண்டுலயும் இருக்கு. எங்ககிட்ட அந்த ஒரு ஃபைல் இருந்திருந்தா பாதி பிரச்சனை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். எக்லிப்ஸ் எடிட்டர்ல இன்ஸ்டாலேஷன் ஹிஸ்டரிக்குள்ள போயி பழைய நிலைக்கு ரிவெர்ட் பண்ற வசதி இருக்கு, ஆனா பழைய ஃபைல் அவங்க அப்டேட் சைட்ல இன்னும் இருந்தாதான் முழுசா வேலை செய்யும், அதனால அங்கயும் காப்பி எடுத்து வைக்கிறது நல்லது. ஐடிஇயையும் (எடிட்டரையும்) ப்ளக்இன்னையும் ஒரே நாள்ல அப்டேட் பண்ணாதீங்க, உடைஞ்சா எது உடைச்சுதுன்னு தெரியாது. எந்த ப்ளக்இன் காரணம்னு தெரியாம முழிக்கிறப்ப விஎஸ் கோட்ல கமாண்ட் பேலட்ல (கமாண்ட் தேடி ஓட்டுற பெட்டி) "ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்"னு இருக்கு, பாதியை ஆஃப் பண்ணி, பிரச்சனை இருக்கா இல்லையான்னு கேட்டு கேட்டு ஆளைப் பிடிச்சுக் குடுத்துடும், இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது.

காசு கட்டுறதுக்கு முன்னாடி எழுத்துல கேளுங்க: சப்ஸ்கிரிப்ஷன் முடிஞ்சா கையில இருக்கிற வெர்ஷன் ஓடுமா, லைசென்ஸ் சர்வர் இல்லன்னா எத்தனை நாள் தாங்கும், பழைய வெர்ஷன் எவ்வளவு காலம் டவுன்லோடுக்கு இருக்கும். கேக்கக் கூடாத கேள்வி எதுவும் இல்ல இதுல. ஜெட்பிரெய்ன்ஸ் 2015ல சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாறினப்ப டிவலப்பருங்க சத்தம் போட்டதாலதான், 12 மாசம் கட்டிட்டா ஒரு வெர்ஷனை நிரந்தரமா வச்சுக்கலாம்னு கொண்டு வந்தாங்க. கேட்டா கிடைக்கும். பதில் சொல்லாம மழுப்புறவங்ககிட்ட வாங்காதீங்க.

நாங்க இப்ப ஜெனரேட் பண்ற வேலையையும் ஃபார்மேட்டையும் ப்ளக்இன்லயிருந்து எடுத்து பில்டுக்குள்ள (கோடை ஓடுற ப்ரோக்ராமா மாத்துற படியில) கமாண்ட்லைன் டூலா வச்சுட்டோம், எந்த வெர்ஷன்னு லாக் ஃபைல்ல எழுதிப் பூட்டியிருக்கு, எந்த எடிட்டர்ல யார் எழுதினாலும் ஒரே அவுட்புட். சப்ஸ்கிரிப்ஷனை கேன்சல் பண்ண அவங்க சைட்ல பட்டன் தேடித் தேடி, கடைசியில மெயில் போட்டுதான் பண்ண வேண்டியிருந்துச்சு. இதே மாதிரி ஏதாச்சும் ப்ளக்இன்னை கேன்சல் பண்றவங்க ஆட்டோ ரின்யூவல் ஆஃப் ஆச்சுன்னு அவங்ககிட்டயிருந்து மெயில் வந்துச்சான்னு பாருங்க, அந்த மெயில் வரலன்னா அடுத்த ரின்யூவல் தேதிக்கு முன்னாடியே பேங்க்ல சொல்லி அந்த கார்டுல ஆட்டோ டெபிட்டை நிறுத்திடுங்க.