நடவுக்குக் குனிவதுபோல் குனியாதே: தஞ்சாவூரில் பத்து நாள் மகளிர் கூடைப்பந்து முகாம்

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவளாக ஆடுகிறாள். கடந்த மே மாதம் தஞ்சாவூரில், ஒரு கல்லூரியின் திறந்தவெளி ஆடுகளத்தில், கல்லூரி மாணவியருக்கென்று தனியார் அமைப்பு ஒன்று நடத்திய பத்து நாள் பயிற்சி முகாமில் அவளைச் சேர்த்திருந்தேன். காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும் என்பதால் திருவையாற்றிலிருந்து முதல் பேருந்தில் நானே அவளை அழைத்துச் சென்று, எட்டரை மணி வரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பத்து நாளும் முழுவதுமாகப் பார்த்தேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் நடத்தியவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கட்டணம் 1,500 ரூபாய். பயிற்சி முடிந்ததும் முட்டையும் பாலும் உண்டு. பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கங்களிலிருந்தெல்லாம் முப்பது பெண்கள் வரை வந்திருந்தார்கள். நம் பகுதியில் பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பது திறந்தவெளி சிமெண்ட் தளம்தான்; ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, பாசி படர்ந்து, காலை வைக்கவே பயமாகிவிடும். ஆகவே வெயிலையும் பொறுத்துக்கொண்டு கோடையில் பயிற்சி பெறுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வெயிலில் முப்பது பெண்களில் ஒருவர்கூடப் பாதியில் நிற்காமல் பத்து நாளும் வந்தார்கள் என்றால், அதற்கு முழுக் காரணம் பயிற்சியாளர் அம்மையார்தான்.

அவர் முன்பு பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். ஐம்பது வயதை ஒட்டியிருப்பார். பெண்கள் அவரை ‘மேடம்’ என்கிறார்கள், அவர் எல்லோரையும் ‘ஏம்மா’ என்று கூப்பிடுகிறார். முதல் நாள் தற்காப்பு நிலையைச் சொல்லிக்கொடுத்தபோது பாதிப் பேர் முழங்காலை மடக்காமல் முதுகை மட்டும் வளைத்து நின்றார்கள். அப்படி நின்றால் எதிராளி பக்கவாட்டில் நகரும்போது கால் உடன் வராது. “நடவுக்குக் குனியிற மாதிரி குனியாதீங்கம்மா, நாற்காலியில உட்காருற மாதிரி உட்காருங்க” என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “நாற்காலி எங்க மேடம்?” என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரிக்க, அம்மையாரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் போய்த் தன் முழங்காலை நீட்டி, “இந்தா, உட்காரு” என்றார். அவள் உட்காரப்போன அந்த நொடியில் இடுப்பு இறங்கி, முதுகு நிமிர்ந்து, சரியான நிலை தானாக வந்துவிட்டது. “அப்படியே இரு, அசையாதே, எல்லாரும் இவளைப் பாருங்க” என்றார். கேலி செய்யத் துணிந்த பெண்ணே மற்றவர்களுக்கு மாதிரியாகிப் போனாள்.

கூடைக்குக் கீழே உள்ள பகுதியில், தன் அணியிடம் பந்து இருக்கும்போது, ஒருவர் தொடர்ந்து மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. புதிதாக ஆடுபவர்கள் இதில்தான் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். ஒரத்தநாட்டிலிருந்து வந்த உயரமான பெண் ஒருத்தி, யாரிடமும் அதிகம் பேசாதவள், அங்கேயே நின்று நின்று விசில் வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை அம்மையார் விசிலை எடுக்கவில்லை. “என்னம்மா, நாத்து நட்டுட்டியா? வேர் விட்டுடப் போவுது, வெளியே வா” என்றார். அந்தப் பெண்ணின் முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். விதிப் புத்தகத்தில் படித்தது மறந்துபோகலாம். இந்த நாற்று அவளுக்கு மறக்காது. பந்தைத் தட்டாமல் அடியெடுத்து வைப்பவர்களுக்கு, “பிராகாரம் சுத்துறியா? தட்டிக்கிட்டே சுத்து” என்பது வாடிக்கையான வாசகம்.

ஃப்ரீ த்ரோ, அதாவது கோட்டில் தனியே நின்று கூடைக்குப் பந்தை எறியும் பயிற்சியைத்தான் நான் மிகவும் ரசித்தேன். கோட்டிலிருந்து போர்டு 4.6 மீட்டர் தூரம், ரிங்கின் உயரம் 3.05 மீட்டர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே அளவுதான். யாரும் தடுக்கப்போவதில்லை, இருந்தும் தவறுகிறது, ஏனென்றால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தில் தோளும் மணிக்கட்டும் இறுகிவிடுகின்றன. நன்றாக ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போது ஒருத்தியைக் கோட்டில் நிறுத்தி, “காலையில என்னம்மா சாப்பிட்ட?” என்று கேட்பார். “பழைய சோறும் மோர் மிளகாயும் மேடம்” என்று பதில் வரும். “அப்ப கை குளிர்ச்சியாத்தான் இருக்கும், போடு.” பதில் சொல்லி முடிப்பதற்குள் அவள் மூச்சை வெளியே விட்டிருப்பாள், தோளும் இறங்கியிருக்கும். என் மகள் இப்போது கோட்டில் நிற்கும்போதெல்லாம் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொள்கிறாள். கேட்டால், காலைச் சாப்பாட்டைச் சொல்லிக்கொள்கிறாளாம்.

ஒரு நாள் அம்மையாரையே கோட்டுக்கு இழுத்தார்கள். பத்தில் ஏழு போடாவிட்டால் எல்லோருக்கும் நுங்கு வாங்கித் தர வேண்டும் என்பது பந்தயம். ஆறுதான் விழுந்தது. கடைசிப் பந்து ரிங்கில் இரண்டு முறை குதித்து வெளியே வந்தபோது எழுந்த கூச்சல் சாலை வரை கேட்டிருக்கும். மறுநாள் மிதிவண்டியில் நுங்கு விற்பவர் ஒருவரை மைதானத்துக்குள்ளேயே வரவழைத்துவிட்டார்.

எது வேடிக்கை, எது வேடிக்கையில்லை என்பதில் அவருக்கு இருந்த தெளிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். உதவிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், ஓட்டத்தில் பின்தங்கிய பெண்ணைப் பார்த்து உடம்பைக் குறித்து ஏதோ சொல்லிவிட்டார். அம்மையார் அந்த ஓட்டத்தையே நிறுத்தி, அவரைத் தனியே அழைத்துப் பேசினார். திரும்பி வந்த இளைஞர் அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்தார். பத்து நாளில் அம்மையார் செய்த கேலிகள் அனைத்தும் காலை எங்கே வைத்தாய், பந்தை எப்படிப் பிடித்தாய் என்பதைப் பற்றியவை மட்டுமே. நிறம், உடல், வீடு, ஊர் எதையும் அவர் தொடவில்லை. பெண் பிள்ளைகளை விளையாட அனுப்பும் பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் மூன்று நாள் கொடுக்கப்பட்டவை ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்துகள். பெண்களுக்கானது 6ஆம் எண். சுற்றளவில் ஓர் அங்குலம் குறைவு, எடையும் குறைவு. கைக்கு அடங்காத பந்தில் பழகினால் எறியும் முறையே கெட்டுவிடும். அம்மையார் வற்புறுத்திய பிறகுதான் மாற்றினார்கள். உடை மாற்ற அறை இல்லை; கழிப்பறைச் சாவியைத் தேடி ஒவ்வொரு நாளும் காவலாளியிடம் ஓட வேண்டியிருந்தது. கட்டணம் வாங்குபவர்கள் இதைச் செய்து தராதது சரியே அல்ல. ஒரு ரிங்கில் வலை கிடையாது. பந்து உள்ளே போனதா, வெளியே உரசிச் சென்றதா என்று தகராறு வரும். “புன்னைநல்லூர் மாரியம்மன் மேல சத்தியமா உள்ள போச்சா?” என்று அம்மையார் கேட்டதும், அதுவரை அடித்துப் பேசிய பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, “வெளிய மேடம்” என்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வலைக்கு அது மாற்றாகாது.

கடைசி நாள், கூடைக்கு நேர் கீழே நின்றபடி அம்மையார் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ பெற்ற நம் தமிழ்நாட்டு வீராங்கனை அனிதா பால்துரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த ஒரத்தநாட்டுப் பெண் மெதுவாகக் கையை உயர்த்தினாள். “மேடம், மூணு செகண்டு ஆயிடுச்சு. வேர் விட்டுடப் போவுது.” ஒரு கணம் அமைதி. பிறகு அம்மையார், தவறு செய்த ஆட்டக்காரரைப் போலக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கோட்டுக்கு வெளியே நடந்து போய் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அடுத்த கோடையிலும் அவரே பயிற்சி தருவதாக இருந்தால் மகளை நிச்சயம் அனுப்புவேன். சேர்க்க விரும்புபவர்கள், பயிற்சியாளர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் 6ஆம் எண் பந்து ஒன்றையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.