மெழுகுதிரி செய்து காட்ட: முக்கி எடுப்பதா, அச்சில் வார்ப்பதா?

ஐரோப்பியக் குடியேறிகள் காலத்து வீடுகளைக் காட்டும் அமெரிக்காவின் ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ், டொராண்டோவின் பிளாக் கிரீக் போன்ற இடங்களில் மெழுகுதிரி செய்து காட்டுவது வழக்கம். கூட்டம் வந்து போய்க்கொண்டே இருக்கும் என்றால் முக்கி எடுக்கும் முறைதான் சரி. அச்சில் ஊற்றியபின் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

முக்கி எடுக்க, ஒரு குச்சியில் ஐந்தாறு பருத்தித் திரிகளை 5 செ.மீ. இடைவெளியில் தொங்கவிட வேண்டும். முதல் முறை மட்டும் குமிழி அடங்கும்வரை மெழுகில் வைத்து, எடுத்து, நேராக இழுத்துவிட வேண்டும். அங்கே கோணினால் கடைசிவரை கோணல்தான். அதன்பின் ஒவ்வொரு முறையும் இரண்டே நொடி. கூடுதலாக நின்றால் முன்பு ஏறிய அடுக்கு கரைந்துவிடும்; பத்து முறை முக்கியும் தடிமன் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். முக்குவதற்கு 70 முதல் 75 டிகிரி போதும். அதற்கும் கீழே போனால் மேற்பரப்பு கட்டிகட்டியாக வரும். அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்க வேண்டும்.

இதன் பெரிய குறை அளவு. 2 செ.மீ. தடிமனும் 20 செ.மீ. நீளமும் உள்ள ஒரு மெழுகுதிரிக்கு சுமார் 60 கிராம் போதும். ஆனால் 10 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம் உள்ள உருளைப் பாத்திரத்தை நிரப்ப ஏறக்குறைய 1.9 கிலோ வேண்டும். மட்டம் இறங்க இறங்க மெழுகுதிரியின் மேல்பாதி மெலிந்துபோகும். மாட்டுக் கொழுப்பில் மெழுகுதிரி செய்த அந்தக் காலத்தவர் ஓரமாக வெந்நீர் ஊற்றினார்கள். கொழுப்பு மிதந்து மேலே வரும். நல்ல யோசனைதான், ஆனால் முதல் முக்கலிலேயே திரியில் தண்ணீர் பட்டுவிட்டால், எரியும்போது படபடவென்று வெடிக்கும்.

அச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டு குழல் தகர அச்சுக்கு 720 கிராம் போதும். திரியைக் கோத்து, அடித்துளையில் முடிச்சிட்டு, மேலே குச்சியில் இறுக்கிக் கட்ட வேண்டும். தொய்ந்தால் திரி ஓரத்துக்குப் போய், மெழுகு ஒரு பக்கமாக வழியும். ஆறும்போது நடுவில் குழி விழும், அதை மறுபடி நிரப்ப வேண்டும். பிறகு ஓர் இரவு காத்திருப்பு. கழற்ற, அச்சை வெந்நீரில் சில நொடிகள் வைத்து இழுக்க வேண்டும். மாட்டுக் கொழுப்பு சுலபமாக வந்துவிடும். தேன்மெழுகு ஒட்டிக்கொள்ளும், அதை அச்சுக்குத் தேர்ந்தெடுப்பது வீண்வேலை.

கோடையில் கதை மாறும். கொழுப்பு வெயிலில் இறுகாது, ஒவ்வொரு அடுக்குக்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். குடியேறிகள் இதை இலையுதிர்கால முடிவில், கால்நடை வெட்டியபின் வைத்துக்கொண்டதற்கு குளிரும் ஒரு காரணம். ஜூலையில் காட்டுவதானால் தேன்மெழுகுதான் வேண்டும்.

திரியிலும் கவனம் தேவை. தானே வளைந்து எரிந்துபோகும் பின்னல் திரி 1820களில் வந்தது. அதற்கு முந்தைய காலத்தைக் காட்டும் வீட்டில் முறுக்குத் திரி போட்டு, கருகிய நுனியை அடிக்கடி கத்தரித்தும் காட்ட வேண்டும்.

அச்சையும் காட்டியே ஆகவேண்டும் என்றால், முதல் நாள் மாலையே வார்த்து வைத்துவிட்டு, மறுநாள் கூட்டத்தின் முன்னால் கழற்றுங்கள்.