சக்கரம் மேலேயா, கீழேயா: ஈரூடக விமானத்தோடு ஆறு வருடம்

டாலஸில் இருக்கும் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "மச்சான், மைக்கேல் ஸ்மித்னு ஒருத்தர் உன்னோடது மாதிரி குட்டி விமானத்துல தனியாவே உலகத்தைச் சுத்தி வந்திருக்காராமே. உன்னோடதுல முடியுமா? முடியும்னா நானும் ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கிறேன்." போனில் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் ரிப்பேர் பில்லைக் கட்டிவிட்டு, விமானத்தை நிறுத்தும் ஹேங்கரில் இருந்து வந்திருந்தேன். இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

இங்கே ஃபுளோரிடாவில், இன்னொருவரோடு பாதிப் பங்கு போட்டு வாங்கிய ஈரூடக விமானம் இது, தரையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும். ஆறு வருடம் ஆகிறது. இரண்டு சீட்டு, தலைக்குப் பின்னால் எஞ்சின், மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில் போகும். மாடல் பெயர் வேண்டாம். படகு வயிறும் சக்கரமும் சேர்ந்த எந்த விமானத்தை எடுத்தாலும் நான் சொல்லும் தொல்லை இருக்கும்.

அந்தத் தொல்லை ஒரே ஒரு கேள்வி. இறங்கும்போது சக்கரம் மேலேயா, கீழேயா? சாதாரண விமானத்தில் இறங்கும்போது சக்கரம் கீழேதான் இருக்க வேண்டும், யோசிக்க ஒன்றுமில்லை. இதில் ஒவ்வொரு முறையும் விடை மாறும்: ரன்வே என்றால் கீழே, தண்ணீர் என்றால் மேலே. மறந்துபோய்ச் சக்கரத்தை இறக்காமல் ரன்வேயில் இறங்கினால் அடிவயிறு தேயும், செலவு வைக்கும், ஆள் பெரும்பாலும் கதவைத் திறந்து நடந்து வந்துவிடலாம். சக்கரத்தை இறக்கிவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் கதையே வேறு. சக்கரம் தண்ணீரில் மாட்டி, மூக்கு குத்தி, விமானம் குப்புறக் கவிழும். தலைகீழாகத் தண்ணீருக்குள், பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருப்போம். இதற்கென்றே நீச்சல் குளத்தில் பயிற்சி தருகிறார்கள், நானும் போனேன். முதலில் கதவின் கைப்பிடியைப் பிடி, அப்புறம்தான் பெல்ட்டைக் கழற்று என்பார்கள். மாற்றிச் செய்தால் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. மூக்கில் ஏறிய அந்தக் குளோரின் தண்ணீர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால்தான் எங்கள் விமானத்தில் பேசும் கருவி ஒன்று இருக்கிறது. வேகம் குறையும்போது "சக்கரம் மேலே, தண்ணீரில் இறங்கலாம்" என்றோ, "சக்கரம் கீழே, ரன்வேயில் இறங்கலாம்" என்றோ ஆங்கிலத்தில் சொல்லும். நாம் பட்டனை அழுத்தி ஒப்புக்கொள்ளும்வரை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோல் டவர் ரேடியோவில் பேசும்போதும் சொல்லும், குறுக்குக் காற்றோடு மல்லுக்கட்டும்போதும் சொல்லும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். அது பொய் சொல்ல ஆரம்பித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மெக்சிகோ வளைகுடாப் பக்கம் இரண்டு மாதம் அடிக்கடி போய் வந்தோம். அப்புறம் ஒருநாள், சக்கரம் கண்ணெதிரே கீழே இருக்கிறது, கருவியோ தண்ணீரில் இறங்கலாம் என்கிறது. இறக்கைத் தாங்கியில் மாட்டிய சின்னக் கண்ணாடியில் பார்த்தேன், சக்கரம் கீழேதான். ரன்வேயில் இறங்கிவிட்டேன். அடுத்த இரண்டு முறையும் அப்படியே. மூன்றாவது முறை அது பேசப் பேச, பார்க்காமலே பட்டனை அழுத்தினேன். என்னைப் பயமுறுத்தியது அதுதான். பொய் சொல்லும் குரலுக்குக் காது பழகிவிட்டால், ஒருநாள் அது உண்மையைச் சொன்னாலும் கேட்காது.

மெக்கானிக் மூடியைக் கழற்றிக் காட்டினார். சக்கரம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கருவிக்குச் சொல்லும் ஸ்விட்ச், விரல் நகத்தளவுதான். அதன் கால்களில் பச்சையாக உப்பு பூத்திருந்தது. கடலில் இறங்கிய ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறேன், அப்படியும் உள்ளே போயிருக்கிறது. ஸ்விட்ச்சின் விலை 40 டாலர்கூட இல்லை. அதை எட்டுவதற்குப் பிரித்து மாட்டிய கூலி 600 டாலரைத் தாண்டியது.

இப்போது நான் எதை நம்புகிறேன் என்று கேட்டால், வாய்விட்டுச் சொல்வதை. இறங்கும் முன் "இது ஏரி, சக்கரம் மேலே" என்று தமிழில் சத்தமாகச் சொல்வேன். வலது பக்கம் என் மனைவி தன் பக்கத்துச் சக்கரத்தை எட்டிப் பார்த்து, "ஆமா, மேலே" என்பாள். அவள் சொல்லாமல் இறங்க மாட்டேன். ஆறு வருடத்தில் இந்த விமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்த "ஆமா"தான்.

இதனால்தான் மைக்கேல் ஸ்மித்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. மெல்போர்னில் யாராவில் என்ற பகுதியில் சினிமா தியேட்டர் நடத்துபவர். 2015-இல் 'சதர்ன் சன்' என்று பெயர் வைத்த, சீரே என்ற ரகத்து ஈரூடக விமானத்தில் கிளம்பி, 1938-இல் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே படகு விமானங்கள் பறந்த பாதையைப் பிடித்து லண்டன் போய், அப்புறம் அட்லாண்டிக், வட அமெரிக்கா, பசிபிக் என்று 7 மாதத்தில் ஊர் திரும்பினார். ஈரூடக விமானத்தில் தனியாக உலகைச் சுற்றிய முதல் ஆள் அவர். 1938-இல் அந்தப் பாதையில் பறந்த பெரிய படகு விமானங்களுக்கு இறங்கும் சக்கரமே கிடையாது, உள்ளே ஒரு குழுவே இருந்தது. போர்க்காலத்தில் நம் செங்குன்றம் ஏரியிலிருந்து பறந்த கேட்டலினா என்ற படகு விமானங்களும் தண்ணீரை நம்பியே இருந்தவை. அவற்றை ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. இவருக்கோ ஒவ்வொரு ஊரிலும் எழுந்திருக்கும், களைத்துப்போய் இறங்கும் நாளிலும். இந்த அளவு விமானத்தில் பெருங்கடலைத் தாண்ட வேண்டுமானால் பக்கத்து ஆளின் எடையை எரிபொருளுக்குத்தான் கொடுக்க வேண்டும். "ஆமா" என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். டவாரெஸ் ஊரின் டோரா ஏரியில் சாயங்காலம் காற்று நின்றபின் இறங்கியிருக்கிறேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், உயரமே தெரியாது. கரையோரமாக, கொஞ்சம் பவர் வைத்து, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றுக்கடியில் துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்தால் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்திக் கதவைத் தள்ளினால் தட்டான் வந்து மூக்கில் உட்காரும். பிளாஸ்க்கில் காபி. அதற்கு ஈடாக வேறு எதையும் நான் வாங்கியதில்லை.

சரி, மச்சான், உன் கேள்விக்கு வருகிறேன். உலகைச் சுற்ற முடியுமா? இந்த வகை விமானத்தால் முடியும், என்னால் முடியாது. நீ வாங்கலாமா? வேண்டாம். ஆறு வருடமாக ஓட்டுகிறேன், என் பங்கை யாருக்கும் விற்கவும் மாட்டேன், ஆனாலும் உன்னை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நவம்பரில் இங்கே வா. புது ஸ்விட்ச் மாட்டியாகிவிட்டது. வலது சீட்டில் உட்கார்ந்து, உன் பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்து எனக்குப் பதில் சொல்.