டிரினிடாட் கார்னிவல்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கரீபியன் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டின் கார்னிவல் திருவிழாவுக்காக அதன் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நானும் என் மனைவியும் தங்கியிருந்தபோது எதற்கெல்லாம் பணம் கொடுத்தோம், அதற்கு ஈடாக என்ன கிடைத்தது என்பதை, அங்கே போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏராளமாகச் செலவழித்து வாங்கிய அலங்கார உடைத் தொகுப்பு சுமார்தான். ஒரு காசும் கொடுக்காமல் இரவு இரவாக நின்று கேட்ட, எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து செய்யும் ஸ்டீல்பான் என்னும் வாத்தியத்தின் பயிற்சிகளுக்கு இணையான ஒன்றை வேறெந்த ஊர்த் திருவிழாவிலும் நான் அனுபவித்ததில்லை.

கார்னிவல் என்பது கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு அந்த இரண்டு நாளுக்கு மட்டும் போய் இறங்குபவர்கள் விழாவின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள். ஈஸ்டரைப் பொறுத்து ஆண்டுதோறும் தேதி மாறும். 2027ஆம் ஆண்டில் அது பிப்ரவரி 8, 9 தேதிகளில் வருகிறது. அதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகவே போய்விட வேண்டும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க், டொராண்டோ, மயாமி ஆகிய ஊர்களில் ஏதேனும் ஒன்றில் மாறிச் செல்பவர்களே அதிகம்.

தங்குமிடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உட்புரூக் பகுதியில் ஒரு சிறிய விருந்தினர் இல்லத்தில் அறை எடுத்தோம். கார்னிவல் வாரத்தில் அறை வாடகை சாதாரண நாட்களைவிட மடங்கு கணக்கில் ஏறிவிடுகிறது, குறைந்தபட்சம் இத்தனை இரவுகள் தங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் அறை சுத்தமாக இருந்தது; தண்ணீர் வரத்து மட்டும் நம்பும்படியாக இல்லை, இரண்டாவது மாடிக்குக் காலை நேரத்தில் ஏறவே ஏறாது. ஆனாலும் உட்புரூக்கையே பரிந்துரைப்பேன். சவானா மைதானம், ஊர்வலத் தெருக்கள், சில ஸ்டீல்பான் பயிற்சி முற்றங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதும், விழா நாட்களில் சாலைகள் அடைக்கப்பட்டுவிடுவதால் நடக்க முடிகிற தூரமே பெரிய வசதி என்பதும் அங்கே போன முதல் நாளே புரிந்துவிடும்.

பான்யார்டு என்பது ஓர் இசைக்குழு பயிற்சி எடுக்கும் திறந்தவெளி முற்றம். மேலே தகரக் கூரை, ஓரத்தில் குளிர்பானமும் பியரும் விற்கும் ஒரு சிறு கடை, நடுவே சக்கரம் வைத்த இரும்புச் சட்டங்களில் வரிசை வரிசையாகப் பளபளக்கும் பான்கள். ஜனவரியிலிருந்தே மாலை மயங்கியபின் பயிற்சி தொடங்கி நள்ளிரவு தாண்டியும் நடக்கும். டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ், சார்லட் தெருவில் ரெனிகேட்ஸ், உட்புரூக்கில் ஃபேஸ் டூ என்று பெயர்பெற்ற குழுக்களின் முற்றங்களுக்கு யாரும் போகலாம். கேட்டுக்கொண்டு நிற்கும் அந்நியரை ஏன் என்று கேட்பவர் இல்லை. கடையில் ஏதேனும் வாங்கிக் குடித்தால் அந்தப் பணம் குழுவுக்குப் போகிறது என்பதால் நாங்கள் தாராளமாகவே வாங்கினோம்.

அங்கே பார்த்த ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்த ஒரு சிறுமி முன்வரிசையில், மேல்சுரங்களை வாசிக்கும் டெனர் பானில் நின்றாள். அவளுக்குப் பின்னால், ஒன்பது முழு நீள எண்ணெய்ப் பீப்பாய்கள் தன்னைச் சுற்றி நிற்க, நரைத்த தாடிக்காரர் ஒருவர் நடுவில் நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பி பேஸ் என்னும் கீழ்ச்சுரப் பான்களை வாசித்தார். யார் முன்னாலும் தாளில் எழுதிய இசைக்குறிப்பு இல்லை. பயிற்சி கொடுப்பவர் நான்கு ஐந்து சுரங்களை ஒரு பகுதியினருக்கு வாசித்துக் காட்டுகிறார், அவர்கள் திருப்பி வாசிக்கிறார்கள், தவறினால் மறுபடியும், மறுபடியும். பிறகு அடுத்த பகுதியினர். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரே துணுக்கில் நின்றார்கள். அதன்பின் அவர் கையை உயர்த்த, காரின் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டும் ஓசை முதலில் எழ, நூறு பேர் அளவில் ஒரே நேரத்தில் முழுப் பாட்டையும் தொடங்கியபோது காலடியில் சிமெண்டுத் தரை அதிர்வதை உணர முடிந்தது. நம் ஊரில் குருவின் எதிரே உட்கார்ந்து கேள்வி ஞானத்தால் பாடம் ஏற்றுக்கொண்டவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

இந்த உழைப்பெல்லாம் பனோரமா என்னும் போட்டிக்காக. 1963ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் போட்டியின் இறுதிச்சுற்று கார்னிவல் சனிக்கிழமை இரவு குவீன்ஸ் பார்க் சவானாவில் நடக்கிறது. பெரிய குழு ஒன்றுக்கு மேடையில் கிடைப்பது ஏறத்தாழ 8 நிமிடங்கள் மட்டுமே. கிராண்ட் ஸ்டாண்ட் பகுதியில் இருக்கை வசதியாகவும் கூட்டம் அமைதியாகவும் இருக்கும். எதிரே விழாவுக்கென்றே எழுப்பும் நார்த் ஸ்டாண்டில் இசையைவிட கொண்டாட்டமே ஓங்கியிருக்கும். இசைக்காகப் போகிறவர்கள் கிராண்ட் ஸ்டாண்டுக்கே சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சீட்டு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். மேடை ஏறுவதற்கு முன் ஒவ்வொரு குழுவும் தன் பான்களைச் சக்கரச் சட்டங்களோடு தள்ளிக்கொண்டு ஒரு நீண்ட பாதை வழியே வரும். அந்தப் பாதையில் நின்று கடைசி முறையாக முழுப் பாட்டையும் வாசித்துப் பார்ப்பார்கள். அப்போது வாசிப்பவருக்கு ஒரு கை தூரத்தில் நிற்கலாம். ரப்பர் சுற்றிய குச்சி பானின் மேல் பட்டு எழும்பும் வேகம், தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பது, தள்ளுவதற்கென்றே வந்த உறவினர்களின் வியர்வை, எல்லாம் அங்கேதான் தெரியும், இருக்கையிலிருந்து தெரியாது.

இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, கார்னிவல் வெள்ளிக்கிழமை விடியுமுன் பிக்காடில்லி கிரீன்ஸில் நடக்கும் கம்பூலே நாடகத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். 1881இல் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர் தன் ஆட்களோடு கார்னிவல் ஊர்வலத்தை அடக்க வந்தபோது, விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும் சிலம்பத்தை ஒத்த தங்கள் கம்புச் சண்டைக் கலையோடு எதிர்த்து நின்ற நிகழ்ச்சியை அதே பகுதித் தெருவில் நடித்துக் காட்டுகிறார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் ஆங்கிலேய ஆட்சி பறையோசையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. மக்கள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். 1930களில் பிஸ்கட் தகரமும் குப்பைத் தொட்டியும் வந்தன. இரண்டாம் உலகப்போரை ஒட்டி எண்ணெய்ப் பீப்பாய் வந்தது. அந்த நாடகத்தைப் பார்த்தபின் பான்யார்டுக்குத் திரும்பிப் போனவனுக்கு அந்த இசை வேறாகக் கேட்கும். எனக்கு அப்படித்தான் கேட்டது.

திங்கள் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும் ஜூவே ஊர்வலத்துக்கு ஒரு சிறிய குழுவில் பெயர் கொடுத்திருந்தோம். சேறு, நீலச் சாயம், கோகோ குழம்பு ஆகியவற்றைப் பூசிக்கொண்டு இருட்டில் தெருவெங்கும் ஆடிக்கொண்டே போய், சூரியன் எழும்போது அடையாளம் தெரியாத உருவங்களாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் இந்த ஊர்வலத்தில் பணக்காரர், ஏழை, வெளியூர்க்காரர் என்ற வேறுபாடு உண்மையிலேயே மறைந்துபோகிறது. கட்டணம் செவ்வாய்க்கிழமை உடைக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான். பழைய துணி, தூக்கி எறியக்கூடிய காலணி, உடம்பில் முன்கூட்டியே நன்றாகத் தேய்த்த தேங்காயெண்ணெய் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஒலிபெருக்கி லாரிகளுக்கு அருகில் போவதானால் காதுக்குப் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த உடைத் தொகுப்பு. மாஸ் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் வேட ஊர்வலத்தில் கலந்துகொள்ள, பல மாதங்களுக்கு முன்பே ஒரு குழுவைத் தேர்ந்து, அதில் ஒரு பிரிவைத் தேர்ந்து, முன்பணம் கட்ட வேண்டும். பெரிய குழுக்களில் விலை அமெரிக்க டாலரில் பல நூறுகள். இறகுகள் மிகுந்த முன்வரிசை உடை ஆயிரத்தையும் தாண்டும். அந்த விலையில் உடையோடு இரண்டு நாள் உணவு, பானம், நடமாடும் கழிப்பறை, கயிறு பிடித்து வரும் காவலர்கள் எல்லாம் அடக்கம். இந்த ஏற்பாடுகளை எங்கள் குழு ஒழுங்காகவே செய்தது. கொதிக்கும் வெயிலில் நாள் முழுக்க நடக்கும்போது தண்ணீர் வண்டி பின்னாலேயே வருவது சாதாரண விஷயம் அன்று. உடை வழங்கிய விதம்தான் மோசம். அரை நாள் வரிசையில் நின்று வாங்கிய பெட்டியில் தலை அலங்காரத்தின் நிறம் படத்தில் காட்டியதாக இல்லை, என் மனைவியின் முதுகு இறகுகள் செவ்வாய் நண்பகலுக்குள் பாதி உதிர்ந்துவிட்டன, புகார் சொல்லப் போனால் கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆனால் என் மனக்குறை அதைவிடப் பெரியது. மணியும் இறகும் பதித்த நீச்சலுடை என்ற ஒரே அச்சில் குழுக்கள் ஒன்றையொன்று ஒத்துப்போய்விட்டன. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவுக்குக் கலை அமைத்தவர்களில் ஒருவரான பீட்டர் மின்ஷாலைப் போன்ற கலைஞர்கள், ஆயிரக்கணக்கானோரை வைத்துத் தெருவிலேயே ஒரு கதையைச் சொல்லிய மரபு இந்த மண்ணில் இருந்திருக்கிறது. சிறிய குழுக்கள் சில இன்றும் அந்த வழியில் உழைக்கின்றன. உடை அணிந்து ஆடித்தான் ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் அத்தகைய குழுவைத் தேடிப் பிடியுங்கள். செலவும் குறையும், அணிந்துகொள்ளும் வேடத்துக்கு ஒரு பொருளும் இருக்கும்.

பழைய வேடங்களை முழு வீரியத்தோடு காண, திங்கள் மாலை நகருக்கு வடக்கே மலைமேல் உள்ள பாராமின் கிராமத்துக்குப் போனோம். மரவாலிலிருந்து செங்குத்தான பாதையில் ஜீப்புகள் ஏற்றிச் செல்கின்றன. உடல் முழுதும் நீலம் பூசி, வாயிலிருந்து சிவப்புச் சாயம் வழிய, தீயை ஊதியபடி ஊளையிட்டு வரும் நீலப் பேய்கள் வழியை மறித்துப் பணம் கேட்பார்கள். சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். சிறு குழந்தைகள் பயந்து அழுவது உறுதி.

அங்கே இந்தியர்கள், குறிப்பாகத் தமிழர்கள் இருக்கிறார்களா என்று நம்மவர்கள் பலரும் கேட்கும் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். 1845 மே 30ஆம் தேதி ஃபாட்டல் ரசாக் கப்பல் கொண்டுவந்த கூலித் தொழிலாளர்களிலிருந்து தொடங்கி அங்கே குடியேறிய இந்தியர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள் குறைவு. ஆயினும் அவர்கள் வழிவந்தவர்களின் காளி கோயில்களில் இன்றும் தப்பு முழங்குகிறது. 1970களில் லார்ட் ஷார்ட்டி என்ற பாடகர், தீவின் பழைய பாட்டு வகையான கலிப்சோவோடு இந்தியத் தாளங்களைச் சேர்த்து உருவாக்கியதே சோக்கா, கார்னிவல் தெருக்களை இன்று ஆளும் இசை. மேற்குக் கரையில் வாட்டர்லூவில் கடலுக்குள் நிற்கும் கோயிலையும் ஒரு காலையில் பார்த்துவரலாம். கரும்பு நிறுவனத்தின் நிலத்தில் கட்டிய கோயில் இடிக்கப்பட்டதும், யாருக்கும் சொந்தமில்லாத கடலுக்குள் கல்லும் மண்ணும் சுமந்து போய்த் தனி ஆளாகக் கட்டத் தொடங்கினார் சிவதாஸ் சாது. அவர் கட்டியது அலையில் சிதைந்தபின், இன்றுள்ள கட்டடம் 1990களில் எழுந்தது.

உணவுக்குத் திண்டாட வேண்டியதில்லை, சைவர்களுக்குக்கூட. காலையில் தெருவோரம் விற்கும் டபுள்ஸ், மெத்தென்ற இரண்டு சிறு ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறியும் புளிச் சட்டினியும் வைத்து, எண்ணெய்த்தாளில் சுருட்டி நொடியில் கையில் தரப்படுகிறது. விலை சில டிரினிடாட் டாலர்கள்தான். காரம் வேண்டுமா என்று கேட்டால் “ஸ்லைட்” என்று சொல்லுங்கள். நம் நாக்குக்கு அதுவே போதும். சவானாவைச் சுற்றி இரவில் கிடைக்கும் சோள சூப், ஆடிக் களைத்த உடம்புக்கு மிக இதமானது. அசைவம் கலக்காததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் குற்றங்கள் உண்டு. 2024 டிசம்பர் இறுதியில் நாடு முழுவதும் நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விடியுமுன் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குத் தங்குமிடத்தார் அறிந்த ஓட்டுநரோடு, கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புங்கள். இராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை அணிவது அங்கே சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் அது வேண்டாம்.

சாம்பல் புதனன்று ஊரே மரக்காஸ் கடற்கரைக்குப் போகிறது. விமானங்களில் கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும் அந்த நாளில் கிளம்பாமல், வார இறுதிவரை தங்குவது நல்லது. மரக்காஸ் கடைகளில் பொரித்த ரொட்டிக்குள் சுறாத் துண்டு வைத்துத் தருவது புகழ்பெற்றது என்றாலும், சுறாக்கள் கடலில் குறைந்துவருவதால் வஞ்சிர வகை மீனைக் கேட்டு வாங்கினோம், கேட்டால் கொடுக்கிறார்கள். நேரமிருந்தால் படகிலோ, அரை மணிக்கும் குறைவான விமானப் பயணத்திலோ பக்கத்துத் தீவான டொபாகோவுக்குப் போகலாம். அங்கே அறைகள் மலிவாகவும் கடல் தெளிவாகவும் இருந்தன, தண்ணீரும் குழாயில் தடையின்றி வந்தது.