போடி இலவம்பஞ்சு மெத்தை: ஒன்பது மாதம் படுத்துப் பார்த்த பிறகு

மதுரையில் எங்கள் வீடு மேல்மாடி. பகலெல்லாம் காய்ந்த தளம் நடுராத்திரி வரை வெக்கையை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும், அதோடு ஃபோம் மெத்தையும் சேர்ந்தால் முதுகு நனைந்து இரண்டு மணிக்கு எழுந்து உட்கார வேண்டியதுதான். காலையில் எழும்போதே அலுப்பு, மதியம் கண் சொருகும். போன சித்திரையில், புதுப் பஞ்சு வரும் சமயம் பார்த்துப் போடிநாயக்கனூருக்கே போய் ஒரு மெத்தை தைத்து வாங்கினேன். மூன்றுக்கு ஆறு அடி, 15 கிலோ, 5,400 ரூபாய்.

அதற்கு முன் வேறொரு கடையில் இலவம்பஞ்சு என்று நம்பி வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஆறு மாதத்தில் கட்டி கட்டியாகிவிட்டது, பிரித்தால் உள்ளே மில் கழிவுப் பஞ்சு. அதனால் இந்த முறை தைக்கும் முன்பே ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நல்ல இலவம்பஞ்சு மிதக்கும். அதன் இழை காற்று நிறைந்த மெல்லிய குழாய், மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு. உயிர்காப்பு உடைகளுக்குள் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். நீங்களும் கூச்சப்படாமல் கேட்டுச் சோதித்து வாங்குங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

முதல் வாரம் உப்பலாக இருந்தது, அப்புறம் உடம்புக்கு ஏற்ப அமுங்கிக்கொண்டது. சூடு தங்கவில்லை. தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு சற்று இறங்க வேண்டும், அதற்கு இது வழிவிடுகிறது. அக்னி நட்சத்திரத்திலேயே ஐந்து மணி நேரம் முழிப்பில்லாமல் தூங்கினேன்.

ஆனால் பகல் சோர்வு முழுக்கப் போனதற்கு மெத்தையை மட்டும் காரணம் சொன்னால் தப்பு. இந்த மெத்தைக்கு வெயில் வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு அமுங்கிவிடும். ஞாயிறுதோறும் அதை மாடிக்குத் தூக்கப் போய், விடுமுறையிலும் ஆறு மணிக்கே எழும் பழக்கம் வந்துவிட்டது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் உள்கடிகாரம் சரியாக ஓடும் என்பார்கள், எனக்கு அது ஒரு மாதத்திலேயே தெரிந்தது, இரவு பத்தரைக்குத் தானாகக் கண் கனக்கிறது. கூடவே மாலை ஆறு மணி காபியை விட்டேன். குடித்த காபியில் உள்ள காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அப்படியென்றால் பதினொரு மணிக்கும் பாதி உள்ளே நிற்கிறது. இப்போது ஏழு மணி நேரம் தூங்குகிறேன்.

குறைகளும் உண்டு. நாலாவது மாதம் இடுப்புப் பக்கம் குழி விழுந்தது, தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டுத் தட்டினால் சரியாகிறது. ஐப்பசி மழையில் பத்து நாள் வெயில் இல்லாமல் மக்கிய வாடை வந்தது. மொட்டைமாடியோ வெயில் விழும் பால்கனியோ இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பலமாகக் குறட்டை விட்டு, எவ்வளவு தூங்கினாலும் பகலில் தூங்கி வழிபவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள், அதற்கு மெத்தை மருந்தில்லை.

மூன்று வருடம் கழித்துப் பிரித்து, பஞ்சை உதறி, புதுத் துணியில் தைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார், துணிக்கும் கூலிக்கும் மட்டும் காசு. அப்பாவுக்கும் ஒன்று சொல்லியாகிவிட்டது, அவருக்கு 18 கிலோ. மூட்டு வலிக்காரர், தாழ்ந்து போனால் எழுந்திருக்கச் சிரமப்படுவார்.