பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 28,500 ரூபாய் போச்சு

ஒரு பட்டறையில் 28,500 ரூபாய் வாங்கிக்கொண்டு என் புல்லட்டின் இன்ஜினைத் திறந்து, சிலிண்டரைக் குடைந்து போர் போட்டு, புது பிஸ்டன் ஏற்றி, வால்வு தேய்த்து, கடைசியில் எந்தக் கோளாறுக்காக வண்டியை விட்டேனோ அதே கோளாறோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டிங், டியூனிங் பிரச்சினைகளை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி 1991 புல்லட் 350. அப்பா வாங்கியது. வார்ப்பிரும்பு இன்ஜின், பிளக்கில் பொறி வரவைக்கப் பழைய பாணி பாயிண்ட், கண்டன்சர், வலது காலில் கியர். காலையில் ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷரை (சிலிண்டரின் காற்றழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, விடுவிக்கும் லீவர்) பிடித்து கிக்கரைக் கொஞ்சம் இறக்கி ஒரு உதை விட்டால் எடுத்துவிடும். சூடான பிறகுதான் தொல்லை. கொஞ்ச தூரம் போனதும் மிஸ்ஸிங், சைலன்சரில் பட்பட்டென்று வெடிச் சத்தம், அப்புறம் நின்றுவிடும். எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது. இன்ஜின் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

பழைய வண்டிகளுக்கென்றே இருக்கும் ஒரு செயலியில்தான் அந்தப் பட்டறையைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். அஞ்சு ஸ்டார், ஏகப்பட்ட பாராட்டு. நான் போனபோது ஒரு பழைய புல்லட் ஸ்டாண்டில் நின்று ஸ்லோ ஸ்பீடில் ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு அடியையும் எண்ணலாம் போல அவ்வளவு நிதானம். மாஸ்டர் என் வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேங்கைத் தடவினார். "தம்பி, அப்பா வண்டியா? கம்பெனி பெயிண்ட் இன்னும் இருக்கு பாரு. இதையெல்லாம் கண்டவன்கிட்ட விடக்கூடாது." அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. பக்கத்தில் நின்று கிக்கரைக் கையாலேயே அழுத்திக் காட்டினார். வெண்ணெய் மாதிரி இறங்கியது. "கம்ப்ரஷனே இல்லை தம்பி, பிஸ்டன் போச்சு." அங்கேயே 10,000 ரூபாய் அனுப்பினேன்.

அவருடைய இடது கை அப்போது ஹேண்டில்பாரில் இருந்தது. டீகம்ப்ரஷர் லீவர் இருப்பதும் அதே பக்கம்தான். அதைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் வால்வு திறந்து காற்று வெளியே போய்விடும், எந்த இன்ஜினிலும் கிக்கர் லேசாகத்தான் இறங்கும். பிடித்திருந்தார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் புகை கிடையாது, ஆயில் குடிக்கவில்லை, காலையில் ஒரே உதையில் எடுக்கிற வண்டி. அதற்குக் கம்ப்ரஷன் இல்லையாம்!

பணம் போன பிறகு "தம்பி" போய் "சார்" வந்தது. "லேத்தில் இருக்கு சார்." "பிஸ்டன் சைஸ் கிடைக்கலை சார்." அப்புறம் போனை எடுப்பது பையன்: "மாஸ்டர் வெளியே போயிருக்கார்." ஒருவழியாக மீதியையும் வாங்கிக்கொண்டு, மொத்தம் 28,500, வண்டியைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே சூடாகி நின்றது. போன் செய்தால் "புது பிஸ்டன் சார், 500 கிலோமீட்டர் ஓடினால் செட் ஆயிடும்." மறுபடி கேட்டால் "பெட்ரோலில் எத்தனால் கலக்கறாங்க சார், நாங்க என்ன பண்றது?" அதற்கப்புறம் வாட்ஸப்பில் நீல டிக் மட்டும். செயலிக்காரர்களிடம் போனால், "நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம்" என்று ஒரே வரி.

இதில் இன்னொரு கொடுமை. போன வண்டியில் இல்லாத ஒன்று வந்த வண்டியில் இருந்தது: உதைத்தால் கிக்கர் பேக் அடித்துக் காலைத் திருப்பித் தள்ளியது. டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். புல்லட் பேக் அடித்தால் கணுக்கால் என்ன ஆகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் வேறொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் எடுத்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை. சூடாக்கி, நின்றதும் பாயிண்ட் மூடியைக் கழற்றி, சுவிட்சைப் போட்டுக் கிக்கரை அழுத்தச் சொன்னார். பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் நடுவில் பொறி பறந்தது. கண்டன்சர் நல்லதாக இருந்தால் அங்கே இவ்வளவு பொறி வராது, பிளக்கில்தான் கரண்ட் அடிக்கும். இது சூடானதும் செத்துப்போகும் கண்டன்சர். புதுசு போட்டு, பாயிண்ட் கேப் 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40-க்கும் நடுவில் வைத்து, டைமிங்கைச் சரிசெய்தார். பேக் அடிப்பதும் நின்றது. கண்டன்சர் இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. நான் அழுதது 28,500.

கார்புரேட்டரைப் பார்த்துவிட்டு அவர்தான் கேட்டார், "மிக்கார்ப் எங்கே?" வண்டியில் இருந்த மிக்கார்ப் கம்பெனி கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெயரே இல்லாத டூப்ளிகேட் ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். சோக் போட்டால்தான் ஸ்லோ ஸ்பீடில் நிற்கிறது. ஒன்று பைலட் ஜெட் (ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைப்பு, இல்லையென்றால் கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் மூட்டில் காற்று இழுக்கிறது. அது தனிச் சண்டை.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. சீக்கிரமாகச் சொல்கிறேன். சூட்டில் நின்றால் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், திறந்ததும் எடுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, செலவே இல்லை. எடுக்கவில்லையா, ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றி இன்ஜினில் ஒட்டவைத்து உதைத்துக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கண்டன்சர், காயில் (பிளக்குக்குக் கரண்ட் தருவது) இரண்டையும் பார்க்காமல் இன்ஜின் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். கம்ப்ரஷன் இல்லை என்று எவனாவது சொன்னால் கிக்கரை நீங்களே அழுத்துங்கள், அவன் கை லீவரில் இல்லாமல். விடும் முன் கார்புரேட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்குங்கள், எனக்குத் தரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்பதுதான். என்னிடம் இருப்பது 28,500 என்று பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டும், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டும்.