ஜாக் கர்பியின் வாழ்வும் வரைகோடும்: நூல் மதிப்புரை

அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கர்பியின் உதவியாளராகப் பணியாற்றிய மார்க் எவானியர் எழுதி 2008இல் வெளிவந்த ‘கர்பி: கிங் ஆஃப் காமிக்ஸ்’, சூப்பர் ஹீரோ காமிக்ஸை நேசிக்கும் எவரும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய நூல். 1917இல் நியூயார்க்கின் ஏழைத் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்து, ஜோ சைமனுடன் சேர்ந்து கேப்டன் அமெரிக்காவை உருவாக்கி, 1961 முதல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடரில் நூறு இதழ்களுக்கு மேல் வரைந்த கர்பி, 1970இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தை விட்டு அதன் போட்டி நிறுவனமான டிசிக்குச் சென்றதன் பின்னணியை இந்நூல் பொறுமையாக விளக்குகிறது. தாம் படைத்த பாத்திரங்கள்மீது உரிமை இல்லாமல் அவர் உழைத்த பக்கங்களைப் படிக்கையில் மனம் கனத்தது.

கட்டத்தைக் கிழித்துக்கொண்டு பாயும் உருவங்களும், கரும்புள்ளிகளைத் திரட்டி அவர் காட்டிய விண்வெளி ஆற்றலும் பெரிய அச்சில் கண்ணை நிறைக்கின்றன. எழுதியவர் அவருக்கு நெருக்கமானவர் என்பதால் பரிவு சற்று மேலோங்கி நிற்கிறது; அதை நான் குறையாகக் கருதவில்லை.